மூன்று மணிக்கு எஸ்தர் போன வழி

“…பேரு திரும்பி வந்துடும்ணா. நாலு நாள் ஒழுங்கா வேல செஞ்சா தன்னால வந்துடும். எனக்குன்னு ஒரு எடம் இருந்துதே, அத எப்பிடித் திருப்பிக் குடுப்பீங்க?”

எஸ்தர் இப்படிக் கேட்டபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் பிளக்ஸ் கடையில், அவளுடைய சிஸ்டத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு குற்றவாளியைப் போல நின்றுகொண்டிருந்தேன். போல என்ன, குற்றவாளியேதான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்து அவள் செய்த காரியம்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பாடமாக இருக்கிறது. அதற்கு முன்னால் நான் செய்த காரியங்களைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, “நாலு வார்த்த எழுதிக் குடுங்களேன், பேசறதுக்கா உங்களுக்குச் சொல்லித் தரணும்?” என்று இப்போது கடையை நடத்துகிறவர் கேட்டதால் எழுதுகிறேன். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது வேறு. ஒரு டிசைனருடைய தலை எப்படி ஊறுகிறது, எப்படி வற்றுகிறது, அதில் அடுத்தவன் எப்படி மண்ணள்ளிப் போடுகிறான் என்பது. மண்ணள்ளிப் போட்டவன் நான் என்பதால் எனக்கு விவரமாகத் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போனது ஒன்பதாவது வரைதான். இரண்டாயிரத்து நாலில் இந்தக் கடையை ஆரம்பித்தபோது முதலாளியும் நானும்தான். வெளியில் அவர் எனக்கு மச்சான், கடைக்குள் முதலாளி. சிஸ்டத்தை நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். பிறகு டிசைனர்கள் வந்ததும் என்னைக் கவுண்டரில் உட்காரவைத்தார். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் பேசி, என்ன வேண்டும் என்று கேட்டு, டிசைனரிடம் சொல்லவேண்டும். முடிந்த டிசைனை ஒருமுறை பார்த்து ‘பாஸ்’ என்று நான் சொன்னால்தான் அது மிஷினுக்குப் போகும். வாரத்துக்கு இரண்டு நாள் சிதம்பரம் போய் அங்கே இருந்த எங்கள் கிளைக் கடையில் பேனர்களைக் கொடுத்துவிட்டு வருவேன். அங்கே மிஷின் கிடையாது, ஆர்டர் வாங்க மட்டும் ஒரு மேஜை.

கவுண்டர் வேலை எனக்கென்றே செய்த வேலை. ஜனங்கள் பேசுவதைக் கேட்க எனக்கு அலுப்பே வராது. “எங்கப்பா சிரிக்கிற போட்டோவ போடாதீங்க, சிரிச்சா அவரு மாதிரியே இல்ல” என்று ஒருவர் சொல்வார். “என் மச்சான் மீசைய ரவ கொறைங்க, என் மீசைய விடப் பெருசா தெரியுது” என்று இன்னொருவர். கேட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் நான். டீக்கடையில், பஸ்ஸில், பாலத்துக் கைப்பிடியில் என்று எங்கே நான்கு பேர் கிடைத்தாலும், “ஒருத்தங்க சொன்னாங்க பாரு…” என்று ஆரம்பித்துவிடுவேன்.

எஸ்தர் இரண்டாயிரத்து ஏழில் வந்தாள். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. வீட்டில் டிப்ளமோ முடித்த முதல் ஆள் அவள்தான். சேர்ந்த அன்றைக்கே முதலாளியிடம் ஒரு கண்டிஷன் போட்டாள்.

“காலையில எட்டு மணிக்கே வந்துடறேன் சார். சாயங்காலம் வேல முடியற வரைக்கும் இருக்கேன். மூணுலேர்ந்து நாலு மட்டும் எனக்கு வேணும்.”

“எதுக்கும்மா?”

“ஒண்ணுமில்ல சார்.”

அவள் அந்தப் பக்கம் போனதும் முதலாளி என் பக்கம் குனிந்து, “ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மச்சான் ஒரு மணி நேரம்?” என்றார். அன்றைக்குச் சிரித்தோம். விதை அன்றைக்கே விழுந்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரம் போய்விட்டு வந்து அவள் உட்கார்ந்தால், அதற்கப்புறம் எழுதுவதுதான் எழுத்து. திருவதிகையிலிருந்து ஒருவர் பேத்திக்குக் காது குத்து என்று வந்தார். எல்லாரும் போடுகிற ‘அன்புடன் அழைக்கிறோம்’ போதும் என்றார். எஸ்தர் நாலு மணிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு எழுதினாள்: ‘எங்கள் வீட்டுக் குட்டிக்கு இரண்டு காதும் வலிக்கப் போகிறது. வந்து சிரிப்புக் காட்டுங்கள்.’ அந்த மனுஷன் படித்துவிட்டுக் கவுண்டரிலேயே உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிதாக மளிகைக்கடை திறந்த ஒருவருக்கு, ‘கடை சின்னது. கடைக்காரர் பேச்சு பெரிசு. நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.’ பெண்ணாடத்தில் ஓர் அம்மா இறந்தபோது பிள்ளைகள் சார்பில், ‘அம்மா, கடைசியாகப் படுப்பவர்தான் விளக்கை அணைக்க வேண்டும் என்றாய். யாருக்கும் அணைக்க மனமில்லை.’

அடுத்த வருடம் மாசி மாதம் முதல் அடி விழுந்தது. சிதம்பரம் மேல வீதியில் ஒரு காது குத்து பேனர். அதே வாசகம், ஒரு சொல் மாறாமல். அடியில் வேறொரு கடையின் போன் நம்பர். யாரோ எங்கள் பேனரைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று விட்டோம். பிறகு மளிகைக்கடை வாசகம். மூன்றாவதாக வந்ததுதான் முதலாளியைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வளைகாப்புக்கு எஸ்தர் எழுதியது. எங்கள் மிஷினிலிருந்து அது இறங்குவதற்கு முந்தின நாளே சிதம்பரத்தில் வேறொரு மண்டப வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நம்ம பேனரு காயறதுக்குள்ள அவன் பேனரு ஏறுது. உள்ளாற இருந்துதான் போவுது மச்சான்” என்றார் முதலாளி. “மூணு மணிக்கு அவ எங்க போறான்னு நீ என்னிக்காச்சும் கேட்டியா?”

சந்தேகம் வந்துவிட்ட கண்ணுக்கு எல்லாமே சாட்சிதான். போகும்போது எஸ்தர் செல்போனை மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் போவாள். “பாத்தியா, இத வெச்சிட்டுப் போறான்னா வேற ஒண்ணு இருக்குதுன்னு அர்த்தம்” என்றார் முதலாளி. நான் ஆமாம் என்றேன். கைப்பை எடுத்துப்போகமாட்டாள். குடையைத் தவிர கையில் ஒன்றும் இல்லாமல் போகிறவள் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு போகிறாள் என்றேன். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். காரியம் முடிந்த தெளிவு என்றோம். ஒரு பெண் வெயிலில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்ததை இரண்டு பெரிய மனிதர்கள் எப்படியெல்லாம் கணித்தோம் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஒருநாள் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கெடிலம் ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே சரிவில் இறங்கினாள். நான் பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது. மணல் முழுக்கச் சலவைக்காரர்கள் வேட்டியும் பெட்ஷீட்டுமாகக் காயப்போட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று கண் கூசியது. எஸ்தர் ஒரு பூவரச மரத்து நிழலில் குடையை மடக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அசையவில்லை. யாருக்கோ காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நினைத்ததுபோலவே மொபெட்டில் ஓர் ஆள் வந்தான். இறங்கி அவள் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டான். எஸ்தர் நான்காக மடித்த ஒரு தாளைக் குடை மடிப்பிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கும்பிட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

போதாதா? நேரே கடைக்கு வந்து சொன்னேன். அது என்ன தாள் என்று பார்த்தாயா என்று முதலாளி கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. சீசன் நேரம், வேலை ஜாஸ்தி என்று காரணம் சொன்னார். எஸ்தர் என்னைத்தான் பார்த்தாள். “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அவளுடைய மூன்று மணி நின்றது. திருட்டும் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், சிதம்பரத்தில் எங்கள் வாசகம் ஒன்றுகூட இல்லை. “இதுக்கு மேல என்னா அத்தாட்சி வேணும்?” என்றார் முதலாளி. எனக்கும் நெஞ்சில் இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் போய்விட்டது.

திருடுவதற்கு அந்த இரண்டு வாரத்தில் புதிதாக ஒன்றுமே எழுதப்படவில்லை என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. எஸ்தர் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பாதி அப்படியே இருக்கும். கண் சிவந்திருக்கும். மூன்று மணி ஆனால் கைகள் தன்னால் நின்று, அப்புறம் மறுபடி ஓடும். வாசகமெல்லாம் ‘வருக வருக’, ‘வாழ்க பல்லாண்டு’ என்று ஊரே போடுவதாக ஆகிவிட்டது. நான் அதைக் கவனித்தேனா? கவனித்தேன். பயந்துபோய் அடக்கி வாசிக்கிறாள் என்று கணக்குப் போட்டேன்.

பங்குனியில் அந்த அறுபதாம் கல்யாண ஆர்டர் வந்தது. சிதம்பரத்தில் ஒரு மண்டபம். மகன்கள் மூன்று பேர், அப்பா அம்மாவுக்கு வாசலில் பெரிய பேனர் கேட்டார்கள்.

நம் வேலையில் யாரும் வெறும் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். பழைய பைலைத் திறந்து, போட்டோவை மாற்றி, பேரை மாற்றி, வேண்டாததை மறைத்துவைப்போம். அழிக்கமாட்டோம், நாளைக்கு வேண்டியிருக்கும். கண்ணீர் அஞ்சலிக்குப் போட்ட தங்க பார்டர் கல்யாணத்துக்கும் போகும். ஆர்டர் கொடுத்தவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும், அதனால் ஒரு பார்வை கூடுதலாகப் பார்க்கவேண்டும். அன்றைக்கு எஸ்தர் அப்படி ஓர் அஞ்சலி பைலைத் திறந்தாள். எல்லாவற்றையும் மறைத்தாள். இரண்டே இரண்டு சொற்களை மறைக்க மறந்தாள். பழுப்புப் பின்னணியில் தங்க நிறத்தில் சின்ன எழுத்து. அப்பா படத்துக்குக் கீழே ‘தோற்றம்’. அம்மா படத்துக்குக் கீழே ‘மறைவு’.

பாஸ் சொன்னது நான். அவள் டிசைனை முடித்து “பாருங்கண்ணா” என்று நகர்ந்து உட்கார்ந்தபோது, டிராயரைத் திறந்து செல்போனை எடுத்தாள். யாருக்கு மெசேஜ் அனுப்புகிறாள் என்று என் கண் அங்கே போய்விட்டது. டிசைனைப் பார்க்க வேண்டிய நேரத்தில் டிசைனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பாஸ், பாஸ்” என்றேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் போன் வந்தது. மூத்த மகன்.

“யோவ், எங்கம்மா உள்ள ஒக்காந்து தலைக்குப் பூ வெச்சிக்கினு இருக்குது. வாசல்ல நீங்க அத சாவடிச்சி தொங்க விட்டிருக்கீங்க!”

அந்த ஆள் பேனரைக் கிழித்தெறியப் போவதாகச் சொன்னார். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “கிழிக்காதீங்க சார். கிழிச்சா வர்றவங்க எல்லாம் ஏன்னு கேப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் நீங்க அதையே வாயால சொல்லணும். மண்டபத்துல மாவிலத் தோரணம் இருக்கும். அத அடிப்பக்கம் நெருக்கமா கட்டுங்க. முகூர்த்தத்துக்குள்ள புதுசு கொண்டாந்துடறேன்.” அவர் திட்டிக்கொண்டே கட்டினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தப்பு நடந்தவுடன் முதலில் அதை மறைக்க வழி பாருங்கள், பிறகு திருத்துங்கள், யார் செய்தது என்பதைக் கடைசியில் பாருங்கள். எங்கள் முதலாளி அதைத் தலைகீழாகச் செய்தார்.

“வேணும்னே பண்ணிருக்கா. வெளிய போறத நிறுத்துனோம்ல, அந்தக் காட்டம்” என்று கடை அதிரக் கத்தினார். எஸ்தர் பைலைத் திறந்து அந்த இரண்டு சொற்களையும் அழித்தாள். “நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசாத மச்சான்” என்று கெஞ்சினேன். “சாயங்காலம் அவ கணக்க முடிச்சி அனுப்பறேன். இந்தப் பக்கம் வேற எந்தக் கடையிலயும் சிஸ்டத்துல ஒக்கார முடியாது, நான் பாத்துக்கறேன்” என்றார். சொன்னால் செய்கிற ஆள். எஸ்தருக்கும் அது கேட்டது.

புது பேனரைச் சுருட்டிக்கொண்டு வேனில் சிதம்பரம் போனேன். தோரணத்தை அவிழ்த்து மாட்டும்வரை மகன்கள் மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்று வைதார்கள். வாங்கிக்கொண்டேன். இறங்கி வரும்போது மணப்பெண்ணாக அலங்கரித்திருந்த அந்த அம்மாவே வாசலுக்கு வந்தார்.

“நான் கோலம் போட வந்தப்பவே பாத்துட்டேன்யா” என்றார் மெதுவாக. “பசங்க கிட்ட மூச்சு விடல, அவனுங்க குதிப்பானுங்கன்னு. அப்பவும் பாத்துட்டானுங்க.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “எழுதுன புள்ள யாரு, ஆம்பளயா பொம்பளயா?”

“பொண்ணும்மா.”

“அது கண்ண மூடி தூங்கி எத்தினி நாளாச்சாம்?”

கோபப்பட வேண்டிய ஒரே ஆள், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் நான் எப்போதும் நிற்கும் டீக்கடைக்கு வந்தேன். அங்கே எனக்கு ஒரு ரசிகன் உண்டு. ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்லித்தான் டீ வாங்குவான், அதுதான் நான் அவனுக்கு வைத்திருந்த பெயர். நான் எது சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்பான், தொடையைத் தட்டிச் சிரிப்பான். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான் அவனிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்றுகூடக் கேட்டதில்லை. நன்றாகக் கேட்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

“வாங்க மாமா! என்னா, இப்பல்லாம் ஒண்ணும் எடுத்து வுட மாட்டேன்றீங்க? அந்தக் காது குத்து மாதிரி ஒண்ணு சொல்லுங்க. சீசன் நேரம், எங்க கடையில ஒருத்தனுக்கும் மண்டை ஓட மாட்டேங்குது.”

“எங்க கடைன்னா?”

“தெரியாதா? அந்த முக்குல பிளக்ஸ் கடை. நான்தான் டிசைனரு.”

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். “ஏன்டா, அப்ப அதெல்லாம் நீ திருடுனதா?”

“திருடுனேனா?” அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “நட்ட நடு டீக்கடையில கத்தி சொன்னீங்க. பத்துப் பேரு கேட்டாங்க. ‘ஒருத்தங்க சொன்னாங்க பாரு’ன்னுதான ஆரம்பிப்பீங்க? ஜனங்க பேச்சு, யாருக்கும் சொந்தமில்லன்னு நீங்கதான மாமா சொல்லுவீங்க?”

அவன் நடிக்கிறானா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். பழக்கதோஷம். அவன் நடிக்கவில்லை. அந்த வளைகாப்பு வாசகத்தை எஸ்தர் எழுதிய அன்றைக்கே நான் பஸ் ஏறி வந்து, பேனர் அச்சாகும் முன்னாலேயே, இதே பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டல் வாங்கியது ஞாபகம் வந்தது. எஸ்தர் எழுதியது என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. இரண்டு வாரமாக அவள் எழுதவில்லை, எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, திருட்டும் நின்றுபோயிற்று.

கடலூர் வரும்வரை பஸ்ஸில் யாரிடமும் பேசவில்லை. பெரிய மனிதனைப் போல எழுதுகிறேனே தவிர, உள்ளே ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. எஸ்தர் சாயங்காலம் போய்விடுவாள். டீக்கடையை மாற்றிக்கொண்டால் திருட்டு மறுபடி வராது. முதலாளி என்னை மெச்சுவார். இந்தக் கணக்கு ஆலப்பாக்கம் தாண்டும்வரை எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது. அந்த அம்மா கேட்ட கேள்விதான் இடையில் புகுந்து புகுந்து கெடுத்தது.

இறங்கியதும் கடைக்குப் போகாமல் ஆற்றுக்குப் போனேன். அன்றைக்கு மொபெட்டில் வந்த ஆள் மணலில் துணி மடித்துக்கொண்டிருந்தான், அவனும் சலவைக்காரன்தான்.

“அந்தப் பொண்ணா? எங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுதான். ரேஷன் கார்டுல கொழந்த பேரு சேக்கணும், ஒரு மனு எழுதிக் குடும்மான்னு கேட்டேன். ‘இங்க வந்தும் எழுதாம இருக்க வுட மாட்டேன்றீங்களே’ன்னு சிரிச்சிது, மறுநாளே எழுதியாந்து குடுத்துது.”

“இங்க வந்து என்னா பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது. துணியப் பாத்துக்கினு ஒக்காந்துருக்கும். ‘இதுல என்னாம்மா பாக்கற’ன்னு ஒரு நாள் கேட்டேன். ‘இதுல எதுவும் எழுதல இல்ல, அதான்’னு சொல்லிச்சு. ரோட்டுல எங்க திரும்புனாலும் எழுத்தா இருக்குதாம், கண்ணு தன்னால படிச்சிக்கினே போவுதாம்.” அவன் ஒரு பெட்ஷீட்டை உதறினான். மூலையில் நீல மையில் பெரிதாக ஓர் அடையாளம். “இந்த மாதிரி மார்க் போட்டதெல்லாம் அந்தாண்ட காய வெச்சிடுவேன், அது வர்ற நேரத்துல. நீங்க ஏன் கேக்கறீங்க? எதுனா தப்பா?”

தப்புதான் என்றேன், அவளுடையது இல்லை என்றேன். அங்கேயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாலத்திலிருந்து பார்த்தது, போய்ச் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் பேசி முடித்தபோது சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன்.

“நெசமா சொல்றியா? இல்ல அந்தப் பொண்ணக் காப்பாத்தறதுக்குப் பழிய நீ ஏத்துக்கறியா மச்சான்?”

அவரோடு சேர்ந்து சந்தேகத்தை வளர்த்தவன் நான். அது இப்போது என் உண்மையையே நம்பமாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் டீக்கடைக்குப் போன் போட்டு, சர்க்கரை கம்மியைக் கூப்பிடச் சொல்லி, ஸ்பீக்கரில் விட்டேன்.

“சொல்லுங்க மாமா! புதுசா ஏதாச்சும் கெடச்சிதா?” என்றான் அவன் உற்சாகமாக.

முதலாளி போனை வாங்கி அணைத்தார். “இனிமே சிதம்பரத்துக்கு வேற ஆளு போவான். உனக்கு டீ நம்ம கடைக்குள்ளயே வரும். வெளிய போயி குடிச்சே, சங்காத்தமே வாணாம்.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பொண்ண மூணு மணிக்குப் போச் சொல்லு” என்றார். நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் சிஸ்டத்தை விட்டு எழாமல் இருப்பதைப் பெருமையாகப் பேசுகிறீர்கள். பன் தின்றுகொண்டே வேலை பார்த்தேன் என்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். அப்படி உட்கார்ந்து எழுதியதெல்லாம் ‘வருக வருக’தான் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கென்று ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உருப்படியாக எதுவும் நடக்கவேண்டாம். கேட்டால் ஒண்ணுமில்லை என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், முக்கியமாக என்னைப் போல ஆசையாக விசாரிக்கிறவர்களிடம். நாளைக்கு நீங்களே கவுண்டரில் உட்காரும்போது, வெறும் கையோடு வெளியே போகிற ஒருவரைப் பார்த்தால், தயவுசெய்து சைக்கிளை எடுக்காதீர்கள்.

மறுநாள் பிற்பகல் எஸ்தரிடம் போய் நின்றேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். பின்னால் போனது, தாளைப் பார்த்தது, டீக்கடையில் அவள் வாசகத்தை என் வாய்க்குத் தீனியாக்கியது, நேற்று ஆற்றில் போய் விசாரித்தது. அவள் மவுஸை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். ஏழெட்டுப் பேர் என்றேன். “உன் பேரை முதலாளி கிட்ட சரி பண்ணிட்டேம்மா, இனிமே தாராளமா போ” என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கேட்டுவிட்டு, செய்துகொண்டிருந்த பைலை சேவ் செய்தாள். மானிட்டரை அணைத்தாள். செல்போனை டிராயரில் போட்டு மூடினாள். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆற்றுக்குப் போக வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பவேண்டும். அவள் கடைசிப் படியில் நின்று, நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கவுண்டருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எஸ்தர் குடையை விரித்துக்கொண்டு வலது பக்கம் போனாள்.